அப்பசரி அக்காவின் மைக் டெஸ்ட்

போலீஸ் போட்டுக் காட்டிய திருடனின் குரலைக் கேட்டு எங்கள் தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பு நின்ற விதத்தை யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் இப்போதும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அப்பசரி அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் கடை அவளுடையது. அவளுடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது என்று எதிர்க்கடை டெய்லர் மாமா சொல்வார். மற்ற மைக் செட்காரர்கள் “ஒன், டூ, த்ரீ” என்பார்கள். இவள் மைக்கை வாயருகே வைத்து, “கேக்குதா? தெளிவா கேக்குதா?” என்று கேட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்ப்பாள். அங்கே இருப்பவர் தலையாட்டிய பிறகுதான் “அப்ப சரி” என்பாள். தலையாட்டவில்லையென்றால் பெட்டியை நகர்த்துவாள். மேடையில் எவ்வளவு பெரிய மனிதர் காத்திருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. “கடைசி ஆளுக்குக் கேக்காத மைக்க எதுக்கு வாடகைக்கு எடுக்கணும்? நாலு பேர் வட்டமா உக்காந்து பேசிட்டுப் போலாமே” என்பாள்.

அப்பா விட்டுப்போன கடை அது. அம்மாவும் போனபோது அவள் தம்பிக்கு நடக்கத்தான் தெரியும். ஸ்பீக்கர் பெட்டிமேல் துணி விரித்து அவனைத் தூங்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வயர் பற்றவைப்பாள். அவன் எழுதக் கற்பதற்கு முன்பே வயர் சுருட்டக் கற்றான். பால் பல் விழுந்த வாயால் அவன் “கேக்குதா? தெளிவா கேக்குதா? அப்ப சரி” என்று சொல்வதைக் கேட்கவே ஆட்கள் கடை வாசலில் நிற்பார்கள். அக்காவைப் பெண் பார்க்க ஒருமுறை வந்தார்கள். கடையை மூடிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். “நீங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசறதுதான் உங்களுக்குக் கேக்கல” என்றாளாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தம்பி படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனான். கஸ்டமர் கேர். “குரல் வேலைதான். நான் வெயில்ல செய்றத அவன் ஏசி ரூம்ல செய்றான்” என்று அக்கா கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். தினமும் கடை சாத்தும் நேரத்தில் அவன் போன் வந்துவிடும்.

கடைக்கு அடுத்த வீட்டில் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். அக்காவின் தம்பிக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்த இரவுகளெல்லாம் அவர் மடியில்தான் கழிந்தன. அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அவரோடு பேச வேண்டுமென்றால் தெருவே சுற்றிக்கொண்டு வலப்பக்கமாக வந்து நிற்கும். அவன் அப்படிச் சுற்றி ஓடி வரும்போது தடுக்கி விழுந்த தழும்பு இன்னும் அவன் முட்டியில் உண்டு.

முன்பெல்லாம் எங்கள் தெருவுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தால் ஷட்டர்கள் தானாக இறங்கும். அந்த ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி, “நாற்காலி கிடைக்குமா?” என்று கேட்டபோதே தெரு பாதி பயந்துவிட்டது. புதிதாக வந்த பெண் எஸ்.ஐ.யின் ஏற்பாடு அது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாதம் ஒருநாள் சாயங்காலம் தெருக்காரர்களோடு கூட்டம். ‘உங்கள் தெருவில் நாங்கள்’ என்று துணி பேனர் கட்டினார்கள்.

“பயப்படாம பேசுங்க. எங்கள உங்க ஆளா நெனச்சுக்குங்க” என்றார் எஸ்.ஐ.

“நம்ம ஆளுக்கு லத்தி எதுக்காம்?” என்று டெய்லர் மாமா முணுமுணுத்தார். அக்காவின் மைக் ஒன்று அவர் பக்கத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. மாமாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எஸ்.ஐ. எழுந்து போய் லத்தியை ஜீப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். எரியாத விளக்கு, பூட்டை உடைப்பவன், சண்டை போடும் மருமகன் என்று எல்லாம் வெளியே வந்தது. அடுத்த மாதம் இடம் பிடிக்க ஓடினோம்.

மூன்றாவது கூட்டம் போன் மோசடி பற்றியது. நர்ஸம்மா ஏமாந்திருந்தார். வங்கியிலிருந்து பேசுவதாக எவனோ சொல்லி, அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டான். சரியாகக் கேட்காத பேச்சை மறுபடி கேட்டுக்கொள்வதற்காக அவருடைய போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். அதைச் செய்து கொடுத்ததே அக்காதான். அந்தப் பதிவு போலீஸிடம் இருந்தது. “போடுங்க. நான் ஏமாந்தது நாலு பேருக்காவது உதவட்டும்” என்று சொல்லி நர்ஸம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

எஸ்.ஐ. தன் போனை அக்காவிடம் கொடுத்தார். அக்கா வயரைச் செருகினாள். முதலில் ஒரே இரைச்சல். மின்விசிறிச் சத்தம், தூரத்தில் பலர் பேசும் சத்தம், நடுவில் ஒரு ஆண்குரல் சேற்றில் மாட்டியதுபோல் வந்தது.

“அக்கா, கொஞ்சம் தெளிவா வைக்க முடியுமா?” என்றார் எஸ்.ஐ.

அக்கா குமிழ்களைத் திருகினாள். இரைச்சல் அடியில் படிந்தது. குரல் மேலே எழும்பி வந்தது.

“...கேக்குதா? தெளிவா கேக்குதா? அப்ப சரி.”

தெரு வெடித்துச் சிரித்தது. பிள்ளைகள் “அக்கா டயலாக்! அக்கா டயலாக்!” என்று குதித்தார்கள். “படுபாவி, நம்ம அக்காவையே காப்பி அடிச்சுட்டான்யா” என்று டெய்லர் மாமா தொடையில் தட்டினார்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?” எஸ்.ஐ.க்கு ஒன்றும் புரியவில்லை. “இது சிரிக்கிற விஷயமா? எவ்வளவு அன்பா பேசறான்னு கவனிங்க. மறுபடி போடறேன்.”

இந்த முறை குமிழ்கள் சரியான இடத்தில் இருந்தன. முதல் சொல்லிலிருந்தே தெளிவாக விழுந்தது.

“உங்க கணக்கு முடங்கப் போவுதும்மா. பதறாதீங்க, நான் இருக்கேன்.”

“என்னப்பா சொல்ற? சரியா விழலையே.” அது நர்ஸம்மாவின் குரல்.

“போன வலது காதுக்கு மாத்திக்குங்கம்மா. ம்... கேக்குதா? தெளிவா கேக்குதா? அப்ப சரி.”

யாரும் சிரிக்கவில்லை. தட்டிய தொடைமேல் டெய்லர் மாமாவின் கை அப்படியே கிடந்தது. வலது காதைப் பற்றி எந்த வங்கிக்குத் தெரியும்? நர்ஸம்மாவின் விரல்கள் மெல்ல எழுந்து தன் வலது காதைத் தொட்டன. பிறகு அவர் திரும்பினார். எஸ்.ஐ. பக்கம் திரும்பவில்லை. பின்னால், ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

 அந்தத் தொண்டையை எங்களுக்குத் தெரியும். பால் பல் விழுந்த காலத்திலிருந்து தெரியும்.

“யாருக்காவது இந்தக் குரல் தெரியுதா?” என்று எஸ்.ஐ. கேட்டார். எல்லாத் தெருவிலும் கடைசியாகக் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும். தாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“தெரியல மேடம்” என்று டெய்லர் மாமா பாய்ந்து சொன்னார். “போன்ல எல்லாக் குரலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

“ஆமா, தெரியல, தெரியல” என்றன நாற்காலிகள். மூன்று மாதமாகப் பயப்படாமல் பேசப் பழகிய தெரு, ஒரே நொடியில் ஷட்டரை இறக்கிவிட்டது.

அக்காவின் கை பெரிய குமிழின்மேல் இருந்தது. அவள் வாயைத் திறக்காமலே இருந்தால் போதும். அவள் வளர்த்த பிள்ளை பிடிபடாமல் அந்த ஊரிலேயே இருந்திருப்பான். நாங்கள் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டோம்.

அவள் மைக்கை எடுத்தாள். கேக்குதா என்று கேட்கவில்லை.

“மேடம், அது என் தம்பி.”

தொட்டிச் சுவரில் பட்டு அந்தச் சொல் இன்னொரு முறை எங்கள்மேல் விழுந்தது. எஸ்.ஐ. கையிலிருந்த தாள் மடியில் நழுவியது. யாராவது குற்றவாளியை அடையாளம் காட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவே இல்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது.

“என்னம்மா சொல்றீங்க? நல்லா யோசிச்சு...”

“யோசிக்க என்ன இருக்கு? நான்தான தெளிவா வெச்சேன்” என்றாள் அக்கா.

அப்போது ஸ்பீக்கர்கள் டக்குடக்கென்று குதிரை ஓடுவதுபோல் இரைந்தன. மைக் செட்டின் பக்கத்தில் செல்போன் இருந்தால் மணி அடிப்பதற்கு முன்பே பெட்டிகளுக்குத் தெரிந்துவிடும். ஆம்ப்ளிஃபயர்மேல் இருந்த அக்காவின் போன் ஒளிர்ந்தது. கடை சாத்தும் நேரம். அவன்தான்.

எஸ்.ஐ. இரண்டே எட்டில் அவள் பக்கத்தில் போய் நின்றார். “எடுங்க. எப்பவும்போலப் பேசுங்க. எங்க இருக்கான்னு மட்டும் கேளுங்க. எங்களப் பத்தி மூச்சு விடாதீங்க.”

அக்கா எடுத்தாள். “ம்... ஆயிடுச்சு... கூட்டம்தான்... நல்லா கேட்டுச்சுடா, கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.” அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். “இரு. நர்ஸம்மாகிட்ட தரேன்.”

“அக்கா!” என்று எஸ்.ஐ. கை நீட்டுவதற்குள், முதல் வரிசைக்கு நடந்து வலப்பக்கமாகப் போய் நின்று போனைக் கொடுத்துவிட்டாள்.

நர்ஸம்மா வாங்கிக் காதில் வைத்தார்.  

“வலது காதுலதாம்பா வெச்சிருக்கேன். சொல்லு.”

அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்க வைத்த அந்தப் பெட்டிகள் வாயடைத்து நின்றன. நர்ஸம்மா “ம்” என்றார். மறுபடி “ம்” என்றார். பிறகு போனை மடியில் வைத்தார்.

“கட் பண்ணிட்டானா?” என்றார் எஸ்.ஐ.

“அழுதான். காலையில வர்றேன்னான்.”

“வருவானா? இந்நேரம் சிம் கார்டத் தூக்கிப் போட்டுட்டு ஓடிருப்பான்! கெடுத்துட்டீங்களேம்மா ரெண்டு பேரும்!” எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் அறைந்தார். அவர் சொன்னதுதான் சரி என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. “வரமாட்டான். நானா இருந்தா வரமாட்டேன்” என்றார் டெய்லர் மாமா. அக்கா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, எப்போதும்போல ஒரே அளவு வளையங்கள்.

வந்தான். அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, தோளில் பையுடன் மூடிய ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். தட்டவில்லை. அக்கா ஷட்டரைத் தூக்கினாள். அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்வாள் என்றும் நினைத்தேன்.

“லிஸ்ட்ல ஒரு நம்பர் வந்துச்சுக்கா. அவங்க எடுத்து ஹலோன்னதும் நர்ஸம்மாதான்னு தெரிஞ்சிடுச்சு. வெச்சிடலாம்னுதான் பார்த்தேன். பின்னாடி சூப்பர்வைசர் நின்னான்.”

“வெச்சிருக்கலாம்” என்றாள் அக்கா. “போலாமா?”

இருவரும் தெருவில் நடந்தார்கள். நர்ஸம்மாவின் வாசலில் அவன் நின்றான். கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான். பிறகு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவன் சொன்ன முகவரிக்குப் போலீஸ் போனபோது அந்த மாடி காலியாகக் கிடந்ததாம். மேஜை இல்லை, நாற்காலி இல்லை. அணைக்க மறந்த மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தனவாம். ஜெயிலில் இருப்பது இவன் ஒருவன்தான்.

நர்ஸம்மா என் அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொல்கிறார். “பேங்க்ல என் காதைப் பத்திக்கூட எழுதி வெச்சிருக்காங்கன்னு அன்னைக்கு நெனச்சேன். ஏமாத்தற நேரத்துலயும் எனக்கு நல்லா கேக்கணும்னு நெனச்சிருக்கான் பாரு. அத நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?” 

நான்காவது கூட்டத்துக்கு முன்னால் எஸ்.ஐ. கடை வாசலில் வந்து நின்றார். “மைக்க வேற இடத்துல எடுத்துக்கட்டுமாக்கா? உங்களுக்குச் சங்கடமா இருந்தா...”

“ஏன், என் செட்டுல சத்தம் குறையா?”

அன்று மாலை பேனர் கட்டினார்கள். நாற்காலிகள் நிறைந்தன. அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். அவள் கேட்கப் போகும் கேள்விக்காகத் தெரு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஒன், டூ, த்ரீ” என்றாள்.

யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஊரில் எல்லா மைக் செட்காரர்களும் சொல்வதுதான். அவள் வாயில் அது வேறு யாருடைய குரலோபோலக் கேட்டது. கடைசி வரிசையை அவள் பார்க்கவே இல்லை.

“எனக்குக் கேக்கல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதல் வரிசைக்காரரான நர்ஸம்மா அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா மைக்கைக் கீழே வைத்தாள். அவ்வளவு தூரமும் நடந்து வந்து, பெட்டியை இழுத்து, அவருடைய வலப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். திரும்பிப் போய் மைக்கை எடுத்தாள்.

“கேக்குதா?”

நர்ஸம்மா தலையாட்டினார்.

மிச்சத்துக்காக, அந்த ‘அப்ப சரி’க்காகக் காத்திருந்தோம். அக்கா மைக்கை எஸ்.ஐ.யிடம் கொடுத்துவிட்டுப் போய் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.