ஏழாம் எண் கத்தி

அந்தக் கத்தியின் எழுத்தை நான்தான் தேய்த்து அழித்தேன். ஜப்பான்காரன் மேல் பழி போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவன் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. ஆனால் இது நான் செய்தது.

மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒருநாள், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் தீப்பிடித்தது. பன்னிரண்டு பேர் உள்ளே புகுந்து அணைத்தார்கள். அவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்தில் சொல்லிவைத்துப் பன்னிரண்டு மடக்குக் கத்திகள் செய்து வரவழைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மொத்தமே பன்னிரண்டுதான். மான்கொம்புப் பிடி. அலகின் அடியில் தோட்டத்தின் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். எங்களுடையது ஏழு. சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் காது கேட்காத துரை, கத்தி கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வைத்து ஒரு வெற்றிலைக் காம்பைக்கூடக் கிள்ளியதில்லை.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு, சயாமில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறும்போது ஒன்றுதான் சொன்னார்.

"பாப்பாவுக்கு ஏதாச்சும்னா கத்திய வித்துரு. யோசிக்காத."

பாப்பாவுக்கு அப்போது நாலு வயது.

அவர் போன பிறகு தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி, எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்து மிரட்டினான். "இங்கிலீஷ் எழுத்து வீட்டுல இருந்தா உளவாளின்னு தலைய எடுத்துருவானுங்க. எல்லாத்தையும் அழிச்சிருங்க." பக்கத்துத் தோட்டத்தில் துரையின் கடிதம் ஒன்றை வைத்திருந்தவனை அடித்தே கொன்றிருந்தார்கள். கத்தியைப் புதைத்திருக்கலாம். அத்தனை ரப்பர் மரம் நிற்கிற இடத்தில் ஒரு குழி தோண்டவா இடமில்லை? நான் தீட்டுக்கல்லை எடுத்தேன். தினமும் பால் எடுக்க மரம் வெட்டும் உளியைத் தீட்டிய கை. வேறு யோசனை வரவில்லை. முதலில் சொரசொரப்பான கல், பிறகு வழவழப்பான கல், கடைசியில் தோல். விரலால் தடவினாலும் தெரியாதபடி செய்தேன். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை.

அந்தக் கிராணி தன் இங்கிலீஷ் சர்ட்டிபிகேட்டுகளைத் தகர டப்பாவில் போட்டுப் புதைத்துவைத்திருந்தான். சண்டை முடிந்த பிறகுதான் அது தெரிந்தது. அழிக்கச் சொன்னதெல்லாம் எங்களுக்குத்தான்.

பிறகு பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாட்டில்கள் இருந்தன, மருந்து இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "சிம்பாங் ரெங்கத்து பாய்கிட்ட கொயினா மாத்திரை இருக்கு. ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டுக்குக் குடுக்க மாட்டாரு. பொருளாத்தான் கேப்பாரு." பாப்பாவை அவளிடம் விட்டுவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த பாய், சண்டைக்கு முன்னால் துரைமாருக்குக் கத்தியும் கடிகாரமும் விற்றவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா புள்ள. நீயும் பித்தளைச் செம்பா? தோட்டத்துச் செம்பெல்லாம் எங்கிட்டதான் கெடக்கு. நான் என்ன கல்யாணமா பண்ணப் போறேன்?"

துணியைப் பிரித்தேன். சிரிப்பு நின்றது. கத்தியைத் திறந்து, காதருகே வைத்து மடக்கினார்.

"சத்தத்தக் கேளு. நல்ல ஸ்பிரிங்குன்னா இப்படி டக்குனு விழும்." பிடியை நகத்தால் வருடினார். "கொம்புதான். எலும்ப வெட்டி ஏமாத்தினா இந்த வரி இவ்ளோ ஆழமா எறங்காது. உள்ள பித்தளத் தகடு. அட, அலமாக்! புகைக்கூடத்துக் கத்தியா இது?"

"ஆமா பாய். ஏழாம் நம்பர்."

"ரெண்டு எங்கிட்ட இருக்கு, பொதச்சு வெச்சிருக்கேன். வெள்ளக்காரன் திரும்பி வருவான் லா. வந்தா இந்தப் பன்னண்டுக்கும் துரைமாரு அடிச்சுக்குவானுங்க."

பெட்டிக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். நிறைய மாத்திரை. என் கண் அதைவிட்டு நகரவில்லை. அவர் பூதக்கண்ணாடியை அலகின் அடியில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்தவரின் முகம் மாறியிருந்தது.

"எழுத்து எங்க?"

"தேச்சுட்டேன். பயந்துகிட்டு."

"ஒரு கீறலாவது விட்டிருக்கக் கூடாதா புள்ள? பாதி நம்பர் நெழலாட்டம் தெரிஞ்சாக்கூட இந்தக் கண்ணாடியில புடிச்சிருப்பேன். இப்படி சுத்தமா வழிச்சு வெச்சிருக்கியே!"

"அந்தக் கத்திதான்னு உங்களுக்கே தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரியும். நாளைக்கு வாங்குறவனுக்கு? ஒன் சத்தியத்தையும் கத்தியோட சேத்து விக்கவா? நம்பர் இருந்தா இது ஏழாவது கத்தி. இல்லேன்னா வெறும் நல்ல கத்தி. நல்ல கத்தி ஊர்ல நூறு கெடக்கு."

"எம்புள்ள நெருப்பாக் கெடக்கு பாய்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "நீங்க வெளங்க மாட்டீங்க" என்று கத்தினேன். அவர் இன்னொரு மாத்திரை வைத்தார். பாட்டில் பெட்டிக்கடியில் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்து, அவருக்கும் குடும்பம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மனசு இறங்கவில்லை. பாட்டில் நிறைய இருந்தது.

ஆறு மாத்திரையில் காய்ச்சல் விட்டது. பாப்பா எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள். உப்பு எங்கே கிடைத்தது அப்போது? மூன்று நாள் அப்படி இருந்தாள். மாத்திரை தீர்ந்திருந்தது, காய்ச்சல் திரும்பியது. ஒரு மத்தியானம், நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது, பாயில் கிடந்தபடியே போய்விட்டாள். கூப்பிடக்கூட இல்லை. சவப்பெட்டி செய்யப் பலகை கிடைக்கவில்லை. கோணிச் சாக்கில் சுற்றித்தான் புதைத்தோம்.

சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். பாதி ஆளாக. காலெல்லாம் புண். பாப்பா எங்கே என்று கேட்டார். சொன்னேன். "கத்திய விக்கலையா?" என்றார்.

"வித்தேன். ஆறு மாத்திரைதான் குடுத்தாரு."

"அந்தக் கத்திக்கு ஆறா? சண்டாளன்."

அதன் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். சிம்பாங் ரெங்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்று காறித் துப்புவார். என் பிள்ளையைக் கொன்றவன் என்பார். ஒருமுறை பாய் வெளியே வந்து நின்றார். என்னைப் பார்த்தார். எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.