மணமேடையில் மெழுகு அப்பா

மெழுகில் ஆள் செய்து பிழைக்கிறவனுக்கு வெயில்தான் மேலதிகாரி. மாமல்லபுரத்தில் என்னைச் சுற்றி எல்லோரும் கல்லில் செதுக்கினார்கள். அவர்கள் சிலையை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நான் என் ஆளுக்கு ஃபேனைத் திருப்பிவைத்துவிட்டுத்தான் போவேன். மாதச் சம்பளம் இல்லாமல் சொந்தக் கையை நம்பிக் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

இடது பக்கச் சிரிப்பு

சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள். அங்கே வேலை பார்த்த நித்யா என்ற பெண், இறந்துபோன தன் அப்பாவின் போட்டோக்களோடு வந்தாள். வைகாசியில் செங்கல்பட்டில் அவளுக்குக் கல்யாணம்; மேடையில் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். போட்டோவில் எல்லாம் அவர் ஆபீசுக்கு நேரமாகிவிட்ட முகத்தோடு இருந்தார். "சிரிச்சா இடது பக்கம் மட்டும்தான் சார் சிரிப்பார்" என்று தன் உதட்டையே கோணிக் காட்டினாள்.

இந்த வெயிலில் இதெல்லாம் எதற்கம்மா என்றேன். "நல்ல காரியத்துல புருஷன் இல்லாதவ முன்னால நிக்கக் கூடாதுன்னு அம்மா கடைசி வரிசைக்குப் போயிடுவாங்க சார். அப்பா மேடையில இருந்தா, ஒருவேளை பக்கத்துல வந்து உக்காருவாங்க."

பேச்சுத் துணை

மெழுகுத் தலையில் ஊசியால் ஒவ்வொரு முடியாகச் செருகிய நாட்கள் அவை. ஜன்னலுக்கு வெளியே கடல் ஒரே தாளத்தில் இரைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில், முடியை நான் செருகுகிறேனா, அதுவாக முளைக்கிறதா என்றே தெரியாது. 'மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரியா சார்?' என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். பதில் வந்த மாதிரியும் இருக்கும்.

பக்கத்து வீட்டு மீனவர் ஏழுமலை வலை காயப்போட வரும்போதெல்லாம், அந்த மெழுகு ஆள் தன்னையே முறைப்பதாகப் புகார் சொன்னார். சரி என்று முகத்தை ஈரத்துணியால் மூடிவைத்தேன். மறுநாள் காலை ஏழுமலை கதவைத் தட்டினார். "இன்னா அண்ணாத்த, மூஞ்சி பூரா மூடிட்ட? மூச்சு முட்டாதா அந்த மனுசனுக்கு?"

திருக்கழுக்குன்றம் வழி

கல்யாணத்துக்கு உடம்பை வேனில் அனுப்பிவிட்டேன். தலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க மனசு வரவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெயில் விழாத பக்கமாகப் பார்த்துச் செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். குலுங்கியதில் துண்டு விலகிவிட்டது. ஏரி, பனைமரம், மலைக்கோயில் எல்லாவற்றையும் அவர் இடது பக்கச் சிரிப்போடு பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பாதித் தூக்கம். இரண்டு பேரும் சேர்ந்து பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கிளம்பிய மாதிரியே இருந்தது.

கண்டக்டர் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், ஒரு டிக்கெட்ட வாங்கிகினு ரெண்டு பேர் வந்துகினு கீறீங்க?"

புழுக்கம்

மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டவன் நான். ஓமம் வளர்ப்பார்கள் என்பது மட்டும் மண்டையில் ஏறவேயில்லை. தீ அணையக் கூடாதென்று மேடை ஃபேனை வேறு நிறுத்திவிட்டார்கள். நெய் ஊற்ற ஊற்ற, பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாவின் நெற்றி மினுமினுத்தது. ஒரு துளி திரண்டு புருவத்தில் வந்து நின்றது. கீழே நின்ற எனக்கு உயிரே இல்லை. அவர் அருகே அம்மாவுக்காகப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது.

கடைசி வரிசையில் அம்மா எழுந்தார். யாரோ கையைப் பிடித்தார்கள், உதறிவிட்டார். விறுவிறுவென்று மேடையேறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் அவருக்கு விசிறத் தொடங்கினார். நித்யா மாலையும் கழுத்துமாகத் திரும்பிப் பார்த்து அழுதேவிட்டாள். அம்மாவோ ஐயரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கக் கூடாதா? அவருக்குப் புழுக்கம் ஆகாது!"

'மெழுகு உருகிடாதா சார்?' என்று இப்போது யார் கேட்டாலும், 'உருக வேண்டிய நேரத்தில் உருகும்' என்று கூசாமல் சொல்லிவிடுகிறேன்.