வெயிலில் அக்கா போட்ட ஸ்வெட்டர்

அலமாரியை ஒழித்தபோது அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் கையில் வந்தது. பினாங்கு வெயிலில் யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா? அக்கா போட்டாள். டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு வகைவகையாய்ச் சமைத்துக் குவிப்பாள். தான் மட்டும் ஒரு வாய் தொடமாட்டாள்.

தைப்பூச விரதத்தில் தொடங்கியது அது. பூசம் முடிந்து ஊரே கோழிக்கறிக்குத் திரும்பியும் அவள் திரும்பவில்லை. செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள் என்று கிழமைக்கு ஒரு சாமி சேர்ந்துகொண்டே போனது. "என் மவ பக்தி யாருக்கு வரும்?" என்று அம்மா பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்ப்பவர்களிடமெல்லாம் பூரித்தாள். அக்காவுக்கு முடி கொட்டியது, எண்ணெயை மாற்றினோம். தூக்கம் போனது, கைப்பேசியைத் திட்டினோம். எரிந்து விழுந்தாள், கல்யாணப் பேச்சை எடுத்தோம். எங்கள் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சலே இல்லை.

ஒருநாள் கோயில் படியில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் டாக்டர் பொறுமையாகக் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. எடை கூடிவிடுமோ என்ற பயம், பயத்தால் பட்டினி, பட்டினியால் குளிரும் எரிச்சலும், நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பு, அந்த நினைப்பைக் கண்டு மறுபடி பயம். "ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு சுத்துது லா, தம்பி. ஒரு இடத்துல பிடி விட்டா மத்ததும் தளரும்," என்றார் அவர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாயான் பாரு தொழிற்சாலையில் பழுதான மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பதுதான் என் வேலை. நாலு விளக்கு எரியாவிட்டால் நாலையும் கழற்றமாட்டேன், இணைப்பைத்தான் தேடுவேன். வீட்டில் இத்தனை நாளும் விளக்கு விளக்காய்க் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று மாலை வீடு திரும்பியதும் அம்மா சாமி படத்துக்கு முன்னாலேயே தட்டை வைத்தாள். "முருகனுக்கு உன் பட்டினி வேணாம்டி. எனக்கு நீ வேணும்." அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

ஒரே நாளில் ஒன்றும் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் சிகிச்சை, சண்டை, சறுக்கல். ஆனால் வேளைக்குச் சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் தூக்கம் வந்தது. தூக்கத்தின் பின்னாலேயே சிரிப்பு வந்தது, பிறகு என்னைக் கிண்டலடிக்கும் அந்தப் பழைய வாய். நோய் கொண்டுபோனதெல்லாம் அதே பாதையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்த சந்தோஷத்தில், காரணம் சொல்லாமலே, உடன் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்வெட்டரோடு கூடத்துக்குப் போனேன். "இது வேணுமாக்கா?"

அக்கா மீ கோரெங் நூடுல்ஸ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "யாருக்கு லா வேணும்? ஃபேன கூட்டி வை தம்பி, வேர்த்து ஊத்துது."

ஓடிப்போய் முழு வேகத்தில் வைத்தேன்.