மூன்று தரம் ஓட்டிய சாமை

1979ஆம் ஆண்டு மார்கழி மாதம், ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் நடந்தது இது. நான் பி.காம். முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டை ஒன்றுதான் கையில் இருந்தது. அந்த வருடத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மலையில் விளைவது சாமை. அதன் உமியை நீக்கி அரிசியாக்கப் பெண்கள் தினமும் உலக்கை பிடித்தாக வேண்டும். அங்கே ஒரு மிஷின் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. படவேட்டில் என் மாமாவின் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்துவிட்டதால், பழைய டீசல் இன்ஜின் சும்மா கிடந்தது. கண்ணமங்கலத்தில் கழித்துப் போட்டிருந்த நெல் அரைக்கும் மிஷின் ஒன்றும் கிடைத்தது.

"பொங்கலுக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லன்னா இன்ஜினைக் கீழ எறக்கி வித்துடுவேன்" என்றார் மாமா. புளி ஏற்றப் போகும் லாரியில் இரண்டையும் மலைக்குக் கொண்டுபோனேன்.

மார்கழி ஐந்தாம் தேதி, காலை ஏழேகால் மணிக்கு இன்ஜினைக் கிளப்பினேன். எட்டுப் பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். முதலில் நின்றவர் பக்கத்து வீட்டு அம்மா; என் வயதுதான் இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வருவதாகச் சொல்லிக் கூடை நிறையச் சாமை கொண்டுவந்திருந்தார். கொட்டினேன். கீழே பாதி மாவாகவும் பாதி உடைந்த நொய்யாகவும் விழுந்தது. முழு அரிசியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"இன்னாபா மிஷின்காரே, அரிசி கேட்டா மாவு குடுக்கற? வர்றவங்களுக்குப் பல்லு இல்லன்னு எவனாவது சொன்னானா?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். மற்ற ஏழு கூடைகளும் வந்த வழியே திரும்பின. அந்த அம்மாவுக்கு வேறு சாமை வாங்கி ஈடு செய்தேன்.

மறுநாளிலிருந்து நானே சாமை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். மிஷின் பிளேடை உருளையோடு நெருக்கினால் நொய். தள்ளினால் உமியோடு அப்படியே வந்தது. ஒவ்வொரு தடவையும் பிளேடு எவ்வளவு தள்ளி, சாமை எத்தனை மணி நேரம் காய்ந்தது, என்ன விழுந்தது என்று டைரியில் எழுதினேன். பத்தொன்பது சோதனைகள், பத்தொன்பதும் தோல்வி. விழுந்த நொய்யையெல்லாம் கஞ்சி வைத்துக் குடித்தேன். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மா எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கும் கஞ்சியா?" என்பார். "நாளைக்கும் கஞ்சிதான்" என்பேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை மாமா இரண்டு ஆட்களோடு லாரியில் வந்து இறங்கினார். ஆட்கள் இன்ஜினின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"டேய் மாப்ளே, ஆரணியில மண்டிக்கு ஆள் கேக்கறாங்க. ஒக்காந்த எடத்துல வேலை. படிச்சிட்டு மலையில வந்து நொய்க்கஞ்சி குடிக்கறியே, மானமா இருக்குதா?"

"நான் அரைச்ச நொய்யைத்தான் குடிக்கறேன் மாமா. யாரும் எனக்கு ஊத்தல."

"இன்ஜின் என்னுதுடா!"

லாரியைப் பார்த்துக் கூடியவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். மிஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாங்க குத்துவோம், பொடைப்போம், மறுபடி குத்துவோம். மூணு தரம் குத்தினாத்தான் அரிசி. உன் மிஷினுக்கு மட்டும் ஒரே தரத்துல முடிக்கணும். அவ்ளோ இன்னா அவசரம் அதுக்கு?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. பத்தொன்பது பக்கம் எழுதியவன், பக்கத்து வீட்டில் உலக்கை எத்தனை தரம் விழுகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை!

"மாமா, மத்தியானம் வரைக்கும் போல்ட்டைத் தொடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமா வாட்சைப் பார்த்துவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு பிடி சாமைகூட மிச்சமில்லை.

"அவ்ளோ ரோசமா? இரு, வர்றேன்" என்று அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு கூடையோடு வந்தார்.

தளர்ந்திருந்த போல்ட்டுகளைக் கையால் இறுக்கிவிட்டு, பிளேடை நன்றாகத் தள்ளி வைத்து ஓட்டினேன். பாதி உமிதான் போனது. அவர் முறத்தில் புடைத்துக் கொடுத்தார். கொஞ்சம் நெருக்கி இரண்டாம் தரம். மறுபடி புடைத்தார். மூன்றாம் தரம் ஓட்டியபோது மணி பதினொன்று இருபது. உருண்டை உருண்டையாக, உடையாமல் அரிசி கொட்டியது. அவர் ஒரு பிடி அள்ளி, ஊதி, வாயில் போட்டு மென்றார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

"ம்... இது அரிசி" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "இன்னா பெரியவரே, இன்ஜினை எடுத்துட்டுப் போய்ட்டா என் வூட்டு சாமைய நீங்களா வந்து குத்துவீங்க?" என்றார்.

மாமா எழுந்து ஆட்களிடம், "போல்ட்டை முடுக்குங்கடா" என்றார். வெறும் லாரிதான் கீழே இறங்கியது.

வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நாளையும் டைரியில் குறித்து வைத்திருந்தேன். அன்று வாசலில் ஒன்பது கூடைகள் நின்றன. நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இன்றைக்கும் யாராவது என்னிடம் 'இது ஒத்து வராது, விட்டுவிடு' என்றால், எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்றுதான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்.