சிவப்புக் கொடிதான் காட்டினார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஊட்டியில் கோடை சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட் சாலையில் நடந்தது இது. நேரில் யாரிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெரிய இயந்திரங்களை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் நான் பதினோரு வருடம் இருந்தேன். வண்டி ஓட்டுவது என் வேலை இல்லை. வண்டி கிளம்புவதற்கு முன்னால் அந்த வழி முழுவதும் போய், பாலம் எடை தாங்குமா, மின்கம்பி எத்தனை உயரத்தில் இருக்கிறது, வளைவில் நீளமான டிரெய்லர் திரும்புமா என்று அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். ரூட் சர்வே என்போம். பிறகு வண்டி கிளம்பும் நாளில் ஜீப்பில் முன்னால் போய் வழிகாட்டுவதும் நான்தான்.

அந்த முறை வந்திறங்கியது பாறையைத் துளைக்கும் ஓர் இயந்திரம். ஐம்பது டன்னுக்கு மேல் எடை. டிரெய்லரில் ஏற்றினால் மலைச்சாலையில் முக்கால்வாசியை அதுவே அடைத்துக்கொள்ளும். மலைக்குள் சுரங்கம் தோண்டுகிற ஒரு வேலைக்காக அது போக வேண்டியிருந்தது.

மலைப்பகுதிக்கு மட்டும் உள்ளூர் ஆள் ஒருவரைக் கொடி காட்டுவதற்கு வைத்துக்கொள்வோம். அப்படிக் கிடைத்தவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோருடன் இலங்கையிலிருந்து வந்தவர். எஸ்டேட்டில் இருபது வருடம் டிராக்டர் ஓட்டியிருக்கிறார். அவர் மனைவி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். முழங்கால் தேய்ந்துபோய் மேட்டில் ஏற முடியாமல் இருந்தார். இந்த இயந்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தால், வேலைத்தளத்தின் கேட்டிலேயே நிரந்தரமாகக் கொடி காட்டும் வேலை தருவதாக அங்கிருந்த மேனேஜர் சொல்லியிருந்தார். அதைக் கொடிக்காரர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

சர்வேக்குப் போன அன்று ஒரு வளைவில் அவர் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். எனக்கு அந்த வளைவில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அகலம் போதும், தார் புதிது. அவர் விடவில்லை. என்னைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கீழே இறக்கிக் கூட்டிப்போனார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. போன மழையில் சரிந்த இடத்தில் வெறும் மண்ணைக் கொட்டி, மேலே தார் போட்டிருக்கிறார்கள். தாங்குவதற்குச் சுவர் இல்லை.

"மேலதான் சார் ரோடு. கீழ ஒண்ணுமே இல்ல. கொழுந்து லாரி போனாலே லேசா ஆடும். இவ்வளவு பெரிய சாமானை இதுல ஏத்தாதீங்க" என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். படமும் எடுத்தேன். ஆனால் அன்று மாலை குன்னூர் லாட்ஜில் அறிக்கை டைப் செய்ய உட்கார்ந்தபோது வேறு கணக்கு ஓடியது. இதை எழுதினால் அங்கே சுவர் கட்ட வேண்டும், அல்லது இரும்புத் தகடுகள் கொண்டுவந்து போட வேண்டும். அதற்குள் சீசன் தொடங்கிவிடும். சீசனில் இப்படிப்பட்ட வண்டிக்கு மலையில் அனுமதி கிடைக்காது. வேலைத்தள மேனேஜர் போனில், "வழியில ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். "பெருசா ஒண்ணும் இல்ல சார், ஒரு இடத்துல மட்டும் உள்பக்கமா ஒட்டி வரணும்" என்றேன். என்னை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் மறைத்தேன்.

வண்டி ஏறிய நாள் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி வரைதான் போலீஸ் அனுமதி. விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் முன்னும் பின்னுமாக எடுத்து எடுத்து ஏறினோம். வெலிங்டன் அருகே காலை ஓட்டத்துக்கு வந்த பட்டாளத்துப் பையன்கள் ஓரமாக ஒதுங்கி நின்று எங்கள் வண்டியை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வளைவுக்கு வரும்போது ஒன்பதாக இன்னும் பத்து நிமிடம். பின்னால் பள்ளிக்கூட வேன்கள், பால் வண்டி, பஸ் என்று வரிசை நீண்டுவிட்டது. கூட வந்த போலீஸ்காரர் என்னிடம் வந்து, "ஏனுங்க, ஒம்பதுக்கு மேல ஒரு நிமிசங்கூடத் தர முடியாதுங்க. ஐயா போன் மேல போன் போடறாருங்க" என்றார்.

கொடிக்காரர் வளைவின் வெளி ஓரத்தில் நின்றிருந்தார். டிரெய்லரின் முன்பாதி கடந்துவிட்டது. அப்போது அவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! ஓரத்துல தாரு பொளக்குது!"

டிரைவர் சங்ககிரிக்காரர், நிதானமான மனிதர். உடனே பிரேக் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், போலாமுங்களா, நிக்கட்டுங்களா?"

நான் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். முப்பது அடி தூரம்தான். இறங்கவில்லை. "நான் ஏற்கெனவே பார்த்த இடம்தான். உள்ள ஒட்டி வாங்க" என்றேன்.

வண்டி நகர்ந்தது. அவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் அடியில் கட்டையைத் திணித்தார். அதே நேரம் ஓரம் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டிரெய்லரின் பின்பாதி பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. கட்டை ஒரு புரள் புரண்டு, அவருடைய வலது பாதத்தை ஓரக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிட்டு அங்கேயே இறுகி நின்றது. சக்கரமும் அதில் முட்டி நின்றது. அதற்குமேல் வண்டி சரியவில்லை.

டிரைவர் கேபினிலிருந்து குதித்து ஓடிவந்தார். கடப்பாறை போட்டு நெம்பி அவருடைய காலை வெளியே எடுத்தோம். கொழுந்து ஏற்ற வந்த பிக்கப்பில் சாக்குகளை விரித்துப் படுக்கவைத்தோம். அந்த நிலையிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "டிரைவர் எறங்கிட்டாரா?"

வண்டியை மீட்கக் கோயம்புத்தூரிலிருந்து கிரேன் வர வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை சாலை அடைபட்டுக் கிடந்தது.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். லாட்ஜின் சாப்பாட்டு அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்தார். கோபமே இல்லாமல், காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"கொடி யார் கையில இருந்துச்சு?"

சொன்னேன்.

"அந்த இடத்துல அவர் சிக்னல் குடுத்தாரா?"

"குடுத்தாரு சார்."

அவ்வளவுதான் சொன்னேன். என்ன சிக்னல் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் டைப் செய்து முடித்து, பிரிண்ட் எடுத்த தாளை என் பக்கம் திருப்பினார். 'உள்ளூர்க் கொடிக்காரரின் தவறான சைகையை நம்பி வண்டி நகர்த்தப்பட்டதால்' என்று கொடிக்காரரின் பெயரோடு இருந்தது. இரண்டு முறை படித்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் டிரைவர். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே டிரைவர் போன் செய்தார். எங்கள் நிறுவனத்தை விட்டு அவர் அதற்குள் விலகியிருந்தார். "அந்தக் கொடிக்கார அண்ணனுக்குக் கால்ல மூணு வெரலை எடுத்துட்டாங்களாமா. வேலைக்குக் கேக்கப் போனா, உம்பேரு பிளாக் லிஸ்ட்ல இருக்குது, உள்ள உட மாட்டோம்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். அந்தக் கட்டை இல்லீன்னா நான் இன்னைக்கு இல்லீங்க சார். நானும் கையெழுத்துப் போட்டவன்தான், இல்லைங்கல. ஆனா ஆபீஸ்ல உங்க பேச்சுக்குத்தான் மரியாதை. நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமுங்களே" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அதன்பிறகு இன்னொரு சர்வேக்காகக் குன்னூர் போனபோது, ஆறு மாதம் ஆகியிருக்கும், கொடிக்காரர் குடியிருந்த லயத்தை, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீட்டை, தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்றார், நான் தடுத்தேன். இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று விசாரித்தார். அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இவரு கேக்க மாட்டாரு. நான் கேக்குறேன். இப்ப சொன்னீங்கல்ல, அதையே இதுல எழுதிக் குடுங்க. கேட்டுல காட்டுறோம்."

நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. நான்கு வரி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்படி எழுதினா செல்லாதும்மா. ஆபீஸ் போய் முறையா டைப் பண்ணி அனுப்பறேன்" என்றேன். அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடினார், நோட்டை எடுத்தார், உள்ளே போய்விட்டார். கொடிக்காரர்தான், "சாருக்கு நேரமாகுது பாரு, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். டீ வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

தூத்துக்குடி திரும்பியதும் இரண்டு முறை டைப் செய்தேன். அனுப்பினால் வேலை போகும், பழைய அறிக்கை பொய் என்று வழக்கு வரும் என்று இரண்டு முறையும் அழித்தேன். அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகு, இனி பயமில்லை என்று ஆன பிறகுதான், நடந்ததை முழுதாக எழுதிப் பழைய நிறுவனத்துக்கும் வேலைத்தளத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வேறு குடும்பம் இருந்தது. அவர்கள் இருவரும் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி பக்கம் போய்விட்டார்கள், விலாசம் தெரியாது என்றார்கள். சுரங்க வேலையும் அதற்குள் முடியும் கட்டத்தில் இருந்தது. கேட்டில் நின்ற ஆளுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை.

அதே தொழிலில்தான் இன்னும் இருக்கிறேன். இப்போதெல்லாம் வழியில் யாராவது ஓர் இடத்தைக் காட்டி வேண்டாம் என்றால், அவர்கள் சொன்னதை அப்படியே அறிக்கையில் சேர்த்துவிடுகிறேன். அதைப் பெரிய திருந்தலாக நினைத்து நிம்மதி அடைய என்னால் முடியவில்லை. அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

இதில் நான் என் பெயரைப் போடாததற்குக் காரணம் வெட்கம். அவர் பெயரைப் போடாததற்குக் காரணம், ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பெயர் இருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதுதான்.