வைன் தோட்டத்தில் என் கணவருக்கு இன்னொரு பெயர்

நேற்று நயாகராப் பக்கம் ஒரு வைன் தோட்டத்தில் என் கணவரை யாரோ "நேதன்" என்று கூப்பிட்டார்.

இவரும் திரும்பிப் பார்த்தார்.

இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த பெயர் சிவநாதன். வீட்டில் சிவா. இந்த நேதன் யார் என்று எனக்குத் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கலியாண நாளுக்கு மகள் தந்த பரிசு இந்தப் பயணம். மலை மேலிருக்கும் பழைய ஊரைப் பார்த்து, ஒரு தோட்டத்தில் வைன் ருசித்து, பின்னேரம் திரும்பிவிடலாம்.

"அம்மா, ஜஸ்ட் கோ. அப்பா டிறைவ் பண்ணுவார், நீங்கள் டேஸ்ற் பண்ணுங்கோ" என்றாள்.

(எங்கள் வீட்டுக்கு வைன் வருவது கிறிஸ்மஸுக்கு வேலையிடத்தில் தரும் போத்தலாக மட்டும். அதுவும் ஒரு கிழமைக்குள் வேறு வீட்டுக்குப் போய்விடும்.)

காலையில் மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். ஜிபிஎஸ் சொன்ன எக்ஸிற்றுக்கு முதல் எக்ஸிற்றிலேயே இவர் ஹைவேயை விட்டு இறங்கினார்.

"இஞ்சருங்கோ, பிழையா இறங்கிட்டீங்கள்."

"இதால ஏறினால் கிட்ட."

"முந்தி வந்தனீங்களோ?"

"இல்லை."

வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒரு இடத்திலும் தடுமாறாமல் ஓட்டினார்.

மேலே கல்லால் கட்டிய தேவாலயம், பழைய மாவு ஆலை, தூரத்தில் வாவி. நான் படம் எடுத்துத் தள்ளினேன். இவர் கீழே இருந்த திராட்சைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்துக்குப் போனதும் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

"நீர் போட்டு வாரும். நான் இதுக்குள்ள இருக்கிறன்."

கலியாண நாளில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை கிளாஸை நீட்டி, செரிப்பழமும் பதனிட்ட தோலும் மணக்கும் என்றாள். எனக்கு வினாகிரிதான் மணத்தது. (தோல் மணக்கிற சாமானை ஏன் குடிக்க வேண்டும்?)

ஜன்னலால் பார்த்தால் காருக்குள் ஆளில்லை.

இவர் திராட்சை வரிசைக்குள் குனிந்து நின்று ஒரு கொடியைத் தூக்கிக் கம்பியில் செருகிக்கொண்டிருந்தார். வீட்டில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாத மனிதர்.

நான் வெளியே ஓடி வரும்போதுதான் தொப்பி போட்ட வெள்ளைக்கார முதியவர் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர் இவருடைய வளைந்த சுண்டுவிரலைத் தொட்டு, இப்போதும் குளிருக்கு நோகிறதா என்று இங்கிலிஷில் கேட்டார்.

அந்த விரல் பள்ளிக்கூட கிரிக்கெட்டில் பந்து பட்டு வளைந்தது என்றுதான் இவர் எனக்குச் சொல்லியிருந்தார். மகள் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறாள்.

முதியவர்தான் தோட்டத்துச் சொந்தக்காரர். இவர் கனடா வந்த புதிதில் இரண்டு பனிக்காலம் அங்கே வேலை செய்தாராம். ஐஸ் வைனுக்காக, செடியிலேயே உறைந்து போன குலைகளை வெட்டுகிற வேலை. விறைத்த கையில் கத்தரிக்கோல் பட்டது தெரியவே இல்லையாம். முதியவர்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாராம்.

நான் கையில் கிளாஸுடன் நின்றேன். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மாப்பிள்ளைக்குக் கொம்பனியில வேலை எண்டு அக்கா உங்கட வீட்டில சொல்லிப்போட்டா. முதல் வருசம் பயமா இருந்தது. அஞ்சாம் வருசம் வெக்கம். பிறகு எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியேல்லை."

"என்ர அப்பாவே தோட்டக்காரர். திராட்சைத் தோட்டத்தில வேலை எண்டால் சந்தோசப்பட்டிருப்பார்."

"அது எனக்கு அப்ப தெரியாதே."

எனக்குக் கோபமும் வந்தது. அந்தக் குளிரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் இன்னொரு கேள்வி கேட்டேன்.

"வேற ஏதும் இருக்கோ சொல்லாதது?"

யோசித்தார். அளவுக்கு மிஞ்சி யோசித்தார்.

"உம்மட போட்டோவைப் பாத்துத்தான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான் எண்டு நினைக்கிறீர், என்ன?"

"ஓம். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் ஓம் எண்டு சொல்லி ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் போட்டோ வந்தது."

"அப்ப என்னத்தைப் பாத்து ஓம் எண்டனீங்கள்?"

"ஒண்டையும் பாக்கேல்லை. அந்தக் குளிருக்க, உனக்கு விருப்பமோ எண்டு என்னட்ட ஒரு ஆள் கேட்டதே பெரிசா இருந்தது."

சொல்லிவிட்டு சிக்னல் போட்டு லேன் மாறினார்.

கலியாணமாகிக் கனகாலமான நட்புகளே, நீங்கள் சொல்லுங்கள். இதற்கு நான் சண்டை பிடிப்பதா, சந்தோசப்படுவதா?

இவர் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.