முப்பத்தெட்டுத் தலைகள்

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி வேலை என்றால் வாயால் பிழைப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வாய் என்ன பெரிய வாய், கிளிப்பிள்ளைக்கும் அது வரும். உண்மையில் அது தலை எண்ணுகிற வேலை. இறங்கும்போது எண்ண வேண்டும், ஏறும்போது எண்ண வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தலையைக்கூட எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பதுதான் நம்மவருக்கு இருந்த ஒரே பெருமை. மற்றபடி ஒரே நாளில் மூன்று குன்று, இரண்டு கோட்டை, ஓர் அரண்மனை. வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக் குனியவும் தெம்பு இருக்காது.

அவர் மனைவி அந்த இடங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கதை மட்டும் அத்தனையும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சமையலறை வாசலில் நின்று ஒப்பித்துப் பார்ப்பார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ராஜா செத்த வருஷத்தை மாத்திச் சொல்றீங்க" என்று திருத்துவாள். இப்போது முட்டியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி அந்த முதல் கோட்டை உச்சியை மட்டும் ஒரு தடவை பார்த்துடணுங்க. அப்புறம் ஏற முடியுதோ என்னவோ."

முதலாளி கடைசி வரிசையில், பைகளோடு பையாக, ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். பயணிகள் பட்டியலில் அவள் பெயர் கிடையாது.

முதல் கோட்டைக்கு நானூறு படி. இருநூறைத் தாண்டுவதற்குள் அவள் முட்டி மக்கர் செய்தது. படியோரம் ஒரு கல் பெஞ்சு இருந்தது.

"நீ இங்கயே இரு. இவங்களை மேல விட்டுட்டு வந்து உன்னை மெதுவா கூட்டிட்டுப் போறேன்."

"ஒண்ணும் அவசரமில்ல. இந்த போனை உங்க பையில போட்டுக்குங்க, அப்புறம் கையை ஊனி ஏற இடைஞ்சலா இருக்கும்."

மேலே போனவருக்கு இறங்கி வர நேரம் வாய்க்கவில்லை. ஓர் அம்மாளுக்குத் தலை சுற்றியது. இன்னொருவர் ராணி குளித்த அறை எங்கே, எங்கே என்று விடாமல் நச்சரித்தார், ஏதோ இவர்தான் தண்ணீர் இறைத்து ஊற்றியவர் போல. கூட்டத்தை இறக்குவது எப்போதும் பின்பக்கப் பாதையில்தான். கால்கள் பழக்கதோஷத்தில் அந்த வழியே இறங்கின. பேருந்தில் எண்ணினார். முப்பத்தெட்டு. பட்டியலிலும் முப்பத்தெட்டு. "போலாம்" என்று சொல்லி உட்கார்ந்தவர், உட்கார்ந்த கையோடு கண்ணயர்ந்துவிட்டார்.

இரண்டாவது குன்றுக் கோட்டையில் தண்ணீர் எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது அவள் போன் கையில் தட்டுப்பட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். கோட்டை டிக்கெட் கவுண்டருக்கு அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. முதலாளியை அழைத்தார்.

"சின்னக் குழந்தையா என்ன, தொலைஞ்சு போறதுக்கு? திரும்பற வழிதானே, சாயங்காலம் ஏத்திக்குங்க. நீங்க பாதியில போனா மிச்ச ரெண்டு இடத்துக்கும் யாரு கதை சொல்றது?"

டிரைவர் பக்கத்தில் வந்தான். "அண்ணே, நீங்க ஒரு வண்டியைப் பிடிச்சுப் போங்க. அண்ணி பாவம், சாப்பாடும் இங்கதான் இருக்கு. இவங்களை நான் சமாளிச்சுக்கறேன்."

போயிருக்கலாம். போகவில்லை. எதிர்த்துப் பேசக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். சொன்ன வேலையைச் செய்ய அதுகூட வேண்டாம். அரண்மனையில் கதை சொன்னார், மூன்றாவது குன்றிலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சரியாகவே வந்தது.

ஐந்தரை மணிக்கு முதல் கோட்டைக்குத் திரும்பி, இருநூறு படியையும் மூச்சிரைக்க ஏறினார். அவள் அதே பெஞ்சில், காலை நீட்டி முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீயே கொஞ்சம் கொஞ்சமா மேல போயிருக்கலாமே" என்றார்.

"நான் அந்தப் பக்கம் போய், நீங்க வந்து தேடினா? இங்கயே இருன்னுதானே சொன்னீங்க." நீட்டிய காலை மெல்ல மடக்கியபடி கேட்டாள், "முப்பத்தெட்டும் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. மேலே கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டு இறங்கி வந்த காவலாளியிடம், "பத்து நிமிஷம் திறந்து விடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"அஞ்சு மணிக்கு மேல முடியாது சார். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் அவர் தோளைப் பிடித்து எழுந்தாள். "விடுங்க. பஸ்ஸுல காத்திருப்பாங்க."

"மேல இருக்கறதை நான் சொல்றேன், கேளு. ராணி மாடத்துல மொத்தம் பதினாறு தூண்..."

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம். உச்சியில நின்னா காத்து எப்படிங்க இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அந்த உச்சியில் நின்று அவர் பார்த்ததெல்லாம் தலைகளைத்தான்.

"தெரியல" என்றார்.